தர்மத்தின் அணை

பாரதப் போர் தொடங்குமுன் இரு தரப்பினரும் கூடிச் சில விதிகளை வகுத்துக்கொண்டனர். தேரில் இருப்பவன் தேரில் இருப்பவனோடும், குதிரைவீரன் குதிரைவீரனோடும், காலாள் காலாளோடும் போரிட வேண்டும். ஆயுதம் இழந்தவனையும் புறமுதுகிட்டவனையும் தாக்கலாகாது. தேரோட்டுபவர், ஆயுதம் சுமந்து வருபவர், பேரிகையும் சங்கும் ஒலிப்பவர் ஆகியோர்மீது அம்பு எய்தலாகாது.

போர் எத்தனை கொடியது என்பதை நன்கு அறிந்தவர்களே இவ்விதிகளை ஏற்றனர். தவிர்க்க இயலாத போருக்கும் ஓர் எல்லை உண்டு. போரிடுபவன் வேறு, போரிடாதவன் வேறு என்னும் விவேகமே அந்த எல்லை.

ஒவ்வொரு கல்லாக

பதினெட்டு நாட்களில் அந்த விதிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இதிகாசம் மறைக்காமல் கூறுகிறது. பதின்மூன்றாம் நாளில் தனித்து நின்ற இளைஞன் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றனர். அதன்பின் பூரிசிரவஸ், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட துரோணர், மண்ணில் புதைந்த தேர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்த கர்ணன், தொடையில் அடிபட்டு வீழ்ந்த துரியோதனன் என மீறல்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு மீறலுக்கும் முந்தைய மீறல் நியாயமாகக் காட்டப்பட்டது. துரோணரை வீழ்த்துவதற்காக யுதிஷ்டிரர் உரைத்தது பாதிப் பொய்யே. ஆயினும் அதுவரை நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலே சென்ற அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. வென்றவர்க்கும் விலை உண்டு என்பதே இதன் பொருள்.

கடைசி இரவில், உறங்குவோரைக் கொல்வது அறமன்று என்று கிருபர் அசுவத்தாமனைத் தடுத்தார். பாண்டவர்கள் முன்னரே தர்மத்தின் அணையை நூறு துண்டுகளாக உடைத்துவிட்டார்கள் என்று அவன் விடையளித்தான். அந்த விடையோடு பாசறைக்குள் புகுந்தான். திரௌபதியின் ஐந்து மைந்தர்களும் மடிந்தனர். அடுத்து அவன் ஏவிய பிரம்மசிர அஸ்திரம், பாண்டவ குலப் பெண்களின் கருப்பையையே இலக்காகக் கொண்டது.

ஐந்தரை ஆண்டுகள்

1939 செப்டம்பர் 1 அன்று ஐரோப்பாவில் போர் மூண்டது. அன்றே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், பொதுமக்கள் வாழும் நகரங்கள்மீது விமானத்திலிருந்து குண்டு வீசலாகாது என்று போரிடும் நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். அதுவும் போரின் தொடக்கத்திலேயே முன்வைக்கப்பட்ட ஒரு விதியே.

அதற்குப்பின் அணையின் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. வார்சாவும் ராட்டர்டாமும் லண்டனும் எரிந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டியே ஹாம்பர்க்கும் டிரெஸ்டனும் எரிக்கப்பட்டன. கிழக்கே, 1937-ல் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளை உலகம் அறியும். இறுதியில் 1945 மார்ச் 9-10 இரவில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவின் மரவீடுகள்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். ரூஸ்வெல்ட் அப்போதும் பதவியில் இருந்தார். அவரது வேண்டுகோளுக்கு அப்போது ஐந்தரை வயது.

ஆகவே அணுகுண்டு திடீரென்று வானிலிருந்து விழுந்ததன்று. பல படிகளில் இறங்கி வந்தது. ஒரு நகரத்தையே இலக்காகக் கொள்ளலாம் என்று மனம் பழகிவிட்டபின், புதிய ஆயுதம் பழைய பழக்கத்தைத் தொடர்ந்தது.

1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணி. ஹிரோஷிமாவின் தெருக்களில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவ மாணவியர் வேலை செய்துகொண்டிருந்தனர். மற்ற நகரங்களைப் போலத் தங்கள் நகரிலும் தீ பரவிவிடக்கூடாது என்பதற்காக, வீடுகளை இடித்துத் திறந்த வெளி அமைப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. கூரையற்ற வெளியில் நின்ற அவர்களே முதலில் கருகினர். அவ்வாண்டின் இறுதிக்குள் அந்நகரில் மாண்டவர் சுமார் 1,40,000 பேர். ஆகஸ்டு 9 அன்று நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்குச் சுமார் 70,000 பேர் பலியாயினர். குண்டு விழுந்தபோது தாயின் கருவில் இருந்த குழந்தைகள் சிலர், பின்னர் சிறுத்த தலையோடும் குன்றிய அறிவோடும் பிறந்தனர். அசுவத்தாமனின் அஸ்திரம் சென்ற இடம் எதுவோ, அங்கேயே இதுவும் சென்றது.

உயிர்காத்த ஆயுதமா?

குண்டு வீசப்பட்டதற்குக் கூறப்படும் நியாயத்தை எளிதாக ஒதுக்கிவிடல் முறையன்று. ஜப்பானுக்குள் படையெடுத்தால் இரு தரப்பிலும் லட்சக்கணக்கானோர் மடிவர்; ஆக்கிரமிக்கப்பட்ட ஆசிய நாடுகளில் நாள்தோறும் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர்; குண்டு அதற்கு முடிவு கட்டியது என்பது அந்த வாதம். ஆகஸ்டு 8 அன்று சோவியத் நாடும் ஜப்பான்மீது போர் அறிவித்தது. ஆகஸ்டு 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. போரை முடித்தது எது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

ஆனால் தர்மத்தின் கேள்வி வேறு. நாளை நேரலாம் என்று அஞ்சும் இழப்பைத் தடுக்க, இன்று ஒரு குழந்தையை எரிப்பதையே கருவியாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்றால், போதுமான அளவு அச்சம் இருக்கும்போது செய்யத்தகாதது என்று எதுவுமே எஞ்சாது. அணை முற்றிலும் உடைவது அங்கேதான்.

விவேகம் அன்று முற்றிலும் அற்றுப்போகவில்லை. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், தொன்மையான பண்பாட்டுத் தலைநகரம் என்பதால் கியோட்டோவை இலக்குப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தார். கியோட்டோவின் கோயில்களைக் காத்த அந்த விவேகம், ஹிரோஷிமாவின் குழந்தைகள்வரை நீளவில்லை.

துரோணர் தம் மகனுக்குப் பிரம்மசிர அஸ்திரத்தை மனமின்றியே கற்பித்தார். எத்தகைய ஆபத்திலும் மனிதர்மீது அதை ஏவாதே என்று எச்சரித்தார். அணுகுண்டு முயற்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான விஞ்ஞானி சிலார்டின் நிலையும் அத்தகையதே. 1945 ஜூலையில் அவர் வரைந்த விண்ணப்பம், இவ்வாயுதத்தைப் பயன்படுத்துவதில் அறப்பொறுப்பை எண்ணிப் பார்க்குமாறு குடியரசுத் தலைவர் ட்ரூமனை வேண்டியது. அதில் எழுபது பேர் கையொப்பமிட்டனர். அது அவர் பார்வைக்குச் செல்லவில்லை.

பின்னாளில் காந்தியடிகள், அழிக்கப்பட்டவர்களின் நிலையை மட்டுமின்றி, அழித்த நாட்டின் ஆன்மாவுக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். யுதிஷ்டிரரின் தேர் மண்ணைத் தொட்ட கதையை நன்கு உணர்ந்தவர் அவர்.

திரும்பப் பெறும் ஆற்றல்

இது பிற நாட்டாரைக் குறைகூறுவதற்கான பாடமன்று. 1998-ல் பொக்ரானில் சோதனை நடத்திய பாரதம், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்னும் கொள்கையை 2003-ல் முறையாக வெளியிட்டது. அது போற்றத்தக்க கட்டுப்பாடு. எனினும் அக்கொள்கையிலும் பதிலடி உண்டு. பதிலடி விழும் நகரிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கும். 1996-ல் சர்வதேச நீதிமன்றம், அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச்சட்டங்களுக்கு முரணானது என்று கருத்துரைத்தது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்திலுள்ள நிலையில் என்ன செய்வது என்பதை முடிவு கூறாமல் விட்டது. மனிதகுலம் இன்னும் அந்தக் கடைசி விதிவிலக்கின் வாசலிலேயே நிற்கிறது.

அசுவத்தாமனின் அஸ்திரத்திற்கு எதிராக அர்ஜுனனும் ஏவினான். உலகைக் காக்க இரண்டிற்கும் நடுவே வியாசரும் நாரதரும் வந்து நின்றனர். அர்ஜுனனால் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெற முடிந்தது, அசுவத்தாமனால் இயலவில்லை. இருவரும் கற்றது ஒரே ஆசானிடம். ஆனால் அர்ஜுனனிடம் நெடுநாள் பயின்ற புலனடக்கமும் சத்தியமும் இருந்தன. திரும்பப் பெறும் ஆற்றல் ஆபத்து வேளையில் திடீரென்று வருவதன்று. அணுகுண்டையோ, ஏவியபின் எவராலும் திரும்பப் பெற இயலாது. எனவே ஏவாமையே அதை அடக்கும் ஒரே வழி.

பிடிபட்ட அசுவத்தாமனைக் கண்ட திரௌபதி, அவனை விட்டுவிடுமாறு வேண்டியதாகப் பாகவதம் கூறுகிறது. மக்களை இழந்து தான் அழுவதைப்போல அவன் தாய் கிருபியும் அழவேண்டாம் என்பதே அவள் மொழிந்த காரணம். அவளது துயரம் அறத்தைத் துறக்கவில்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர்தப்பியவர்களும் அந்த வழியையே தேர்ந்தனர். உற்றாரை இழந்து, நோயோடு வாழ்ந்த அவர்கள் பழிவாங்கல் கேட்கவில்லை. இனி எந்த நாட்டவர்க்கும் இது நேரலாகாது என்றே பல்லாண்டுகள் குரல் கொடுத்தனர். அவர்களது அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாடுகளின் மனம் தனிமனிதர்களின் மனங்களால் ஆனது. ‘அவன் செய்தான், ஆகவே நானும் செய்யலாம்’, ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்னும் சொற்கள் முதலில் இல்லத்திலும் அலுவலகத்திலும்தான் பிறக்கின்றன. அங்கே அவற்றுக்கு இடங்கொடாதவனே தர்மத்தின் அணையில் ஒரு கல்லைக் காத்தவனாகிறான்.

சிந்தனைக்கு

1. பிறர் செய்த அதர்மம், தன் அதர்மத்திற்கு நியாயமாகுமா?

2. அர்ஜுனனுக்கும் அசுவத்தாமனுக்கும் உள்ள வேறுபாடு கல்வியிலா, ஒழுக்கத்திலா?

3. திரௌபதி காட்டியது பலவீனமா, பலமா?