இல்லத்திலிருந்தே ஜெர்மன் கற்போர்க்கு

திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் பள்ளிக்குச் செல்லாது, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பரீட்சை எழுதக் கருதி, இல்லத்திலேயே பயிலும் மாணாக்கர் அந்நிய பாஷையொன்றைக் கற்க விழைவாராயின், திருப்பூர்ப் பனியன்கள் கப்பலேறும் தேசங்களுள் ஒன்றான ஜெர்மனியின் பாஷை சாலவும் பொருத்தமே. ஏற்றுமதி மிச்சமென்று மலிவாய் வாங்கிய சட்டையின் உட்தையலில் தொங்கும் லேபிளில், 30 டிகிரி சூட்டில் துவைத்து உட்புறம் திருப்பி இஸ்திரி போடுக என்பது போன்ற கட்டளைகள் பல பாஷைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாய் அச்சாகியிருப்பதுண்டாதலால், ஆங்கில வரியின் துணைகொண்டு ஜெர்மன் வரியை நோட்டில் எழுதிப் பழகலாம். எழுத்து வெகு பொடியாகையால் பகல் வெளிச்சமே உத்தமம். உச்சரிப்புக்கோ செவியே ஆசான்: டாய்ச்ச வெல்லே என்னும் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாய் அளிக்கும் ஒலிப்பாடங்களை நாள்தோறும் கால்மணி நேரம் கேட்பது, ஞாயிறன்று அரைநாள் வருந்திப் படிப்பதினும் மேல்.

இவ்வாறு கற்றதைச் சோதித்தறிய, ஜெர்மன் பாஷையைப் பரப்பும் கெத்தே இன்ஸ்டிடியூட் 10 முதல் 16 வயதினர்க்கென நடத்தும் ஏ1 என்னும் தொடக்கநிலைப் பரீட்சையை, எவ்வகுப்பிலும் சேராதவரும் எழுதலாம். கோயம்புத்தூரிலுள்ள கெத்தே மையத்தில் தேதியும் கட்டணமும் விசாரிக்கவும். அதில் பேசும் பகுதி பிற பரீட்சார்த்திகளோடு குழுவாய் நிகழ்வதாகையால், தனித்தே பயின்ற பிள்ளை திகைக்காதிருக்க, தங்கையையோ அடுத்த வீட்டுத் தோழனையோ எதிரே அமர்த்தி, வினாவும் விடையுமாய் முன்னதாகவே ஒத்திகை பார்த்துக்கொள்வது அவசியம்.