காற்றில்லாத நாளில் கடல் சீறுவது ஏன்?

கேள்வி: வானம் தெளிவு, காற்றும் இல்லை. ஆனாலும் கடல் கொந்தளிக்கும் என்கிறார்களே, எதை வைத்து?
– வாசகர், குளச்சல்

பதில்: அந்த அலை நம் வானத்தில் பிறந்ததல்ல. தென் இந்தியப் பெருங்கடலில், அண்டார்டிகா பக்கம் வீசும் புயற்காற்று கிளப்பிவிடுவது. நான்கைந்து நாளில் குமரி, கேரளக் கரைகளை எட்டிவிடும். அந்த அவகாசத்தில்தான் ஐதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை தருகிறது.

அறிக்கையில் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு மீட்டர்தானே என்று கடலில் இறங்குகிறார்கள். பக்கத்திலேயே அலை இடைவெளி விநாடிக் கணக்கில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். உள்ளூர்க் காற்றின் அலைக்கு ஆறேழு விநாடி. பதினைந்தைத் தாண்டினால் அது தொலைதூர அலை. ஆழ்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் நழுவிப் போகும்; கரையோர ஆழம் குறைந்ததும் வேகம் தணிந்து எழும்பி, மணலில் வெகுதூரம் ஏறி, ஆளை இழுத்துக்கொண்டு திரும்பும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இப்படித்தான் பறிகொடுத்தோம். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது என்பதுதான் தாங்க முடியாதது.

இன்னொன்று: அறிக்கையில் வரும் உயரம், எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரு மடங்கும் வரலாம். எச்சரிக்கை நாளில் படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பிள்ளைகளைக் கரையில் விளையாட விடாதீர்கள்.