வெட்கப்பட நேரமில்லாத வலி

மாணவர்களே, ஆணின் இரு விந்தகங்களும் வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே விதைப்பையில் இருப்பது ஏன் தெரியுமா? விந்தணு உருவாக, உடலின் 37 டிகிரி வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பம் வேண்டும். ஒரு விந்தகம் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பே.

ஒவ்வொரு விந்தகமும் கயிறு போன்ற விந்து நாணில் தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் இதன் வழியாகத்தான் செல்கின்றன. சிலருக்கு விந்தகம் திடீரெனச் சுழன்று, நாண் முறுக்கிக்கொள்ளும். ரப்பர்க் குழாயை முறுக்கினால் தண்ணீர் நிற்பதுபோல் இரத்த ஓட்டம் தடைபடும். இதுவே விந்தக முறுக்கம். 12 முதல் 18 வயதுக்குள் இது அதிகம் ஏற்படுகிறது.

அறிகுறிகள்: ஒரு பக்கம் திடீர்க் கடும் வலி, வீக்கம், குமட்டல், வாந்தி. தூக்கத்திலும் வரலாம். சிலருக்கு அடிவயிறு மட்டுமே வலிக்கும்.

6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விந்தகத்தைக் காப்பாற்றலாம். 24 மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர்கள் முறுக்கை நீக்கி, மீண்டும் சுழலாதபடி விந்தகத்தைத் தைத்து நிறுத்துவார்கள்.

ஆகவே, ‘சூட்டு வலி’ என்று எண்ணெய் தேய்த்தோ பனடோல் விழுங்கியோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். தோட்டத்திலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு வரும் நேரமும் அந்த 6 மணி நேரத்தில் அடக்கம். நள்ளிரவானாலும் பெற்றோரை எழுப்புங்கள். “விதை வலிக்கிறது” என்ற இரண்டு சொல் போதும்.

வலியே இல்லாத கட்டி தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கண், காதைப் போல இதுவும் ஓர் உறுப்புதான்.