புகைக்கு நாம் எவ்வளவு அடிமை? ஆறு கேள்விகளில் அளந்து பார்ப்போம்



1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு நம் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே வயலில் யானைக் காவல் இருக்கும் அண்ணன் சுருட்டுப் பற்ற வைக்கிறார். இங்கே லயத்தில் தம்பி சிகரெட் பற்ற வைக்கிறார். "விடச் சொன்னா விடுறாரா? மனசு இல்ல" என்று வீட்டில் சண்டை. மனசு மட்டும்தான் காரணமா? அதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் என்ற பொருள், புகையை உள்ளே இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். இரவு தூங்கி எழும்போது மிகவும் குறைந்திருக்கும். பழகிப்போன உடம்பு அப்போது அதைக் கேட்கும். எரிச்சல், கோபம், படபடப்பு வரும். காலையில் எழுந்ததும் கை தீப்பெட்டியைத் தேடுவது இதனால்தான்.

இந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அறிய, சுவீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். 1991இல் அதைத் திருத்தி ஆறு கேள்விகளாக்கினார்கள். கேள்விகள் இவை:

1. தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி. 6 முதல் 30 நிமிடம் 2. 31 முதல் 60 நிமிடம் 1. அதற்குப் பிறகு 0.
2. பஸ், வைத்தியசாலை போன்ற தடை உள்ள இடங்களில் புகைக்காமல் இருப்பது கஷ்டமா? ஆம் 1, இல்லை 0.
3. எந்தச் சிகரெட்டை விடுவது மிகவும் கஷ்டம்? காலையில் முதலாவது என்றால் 1. வேறு ஏதாவது 0.
4. ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0; 11 முதல் 20 வரை 1; 21 முதல் 30 வரை 2; 31 அல்லது அதற்கு மேல் 3.
5. நாளின் மற்ற நேரத்தைவிட, எழுந்த முதல் சில மணித்தியாலத்தில் கூடுதலாகப் புகைப்பீர்களா? ஆம் 1, இல்லை 0.
6. நோயில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் புகைப்பீர்களா? ஆம் 1, இல்லை 0.

புள்ளிகளைக் கூட்டுங்கள். 0 முதல் 2 வரை மிகக் குறைந்த பிடி, 3, 4 குறைவு, 5 நடுத்தரம், 6, 7 கூடுதல், 8 முதல் 10 வரை மிகக் கூடுதல்.

ஒரு உதாரணம். வவுனியாவில் வயல் செய்யும் அண்ணன் ஒருவர் நாளைக்கு 8 சிகரெட்தான் புகைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எழுந்த 5 நிமிடத்தில் முதலாவது வேண்டும். அதை விடவே முடியாது. காலையில்தான் கூட. காய்ச்சலிலும் விடமாட்டார். அவருக்கு 6 புள்ளி. கிளிநொச்சிச் சந்தையில் மூட்டை தூக்கும் தம்பி நாளைக்கு 15 புகைக்கிறார். ஆனால் எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தொடங்குவார். மற்றக் கேள்விகளுக்கு 0. அவருக்கு 1 புள்ளிதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் தம்பியைத்தான் பெரிய அடிமை என்று சொல்லியிருப்போம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தக் கணக்கு சிகரெட்டுக்குச் செய்தது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய் வழியாகவே நிக்கோட்டின் இரத்தத்தில் சேரும். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமாருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "எழுந்து எவ்வளவு நேரத்தில்?" என்ற கேள்வியை அவர்களும் தங்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மற்றது, புள்ளி குறைவு என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. நாளைக்கு ஒரு சிகரெட்டும் இருதயத்துக்குக் கேடுதான். புள்ளி சொல்வது, விடுவது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பதை மட்டுமே.

புள்ளி குறைந்தவர்கள் ஒரு நாளைக் குறித்து, வீட்டார் துணையோடு தாங்களாகவே விட்டுப் பார்க்கலாம். 6க்கு மேல் வந்தவர்கள் தனியே போராட வேண்டாம். எழுதிய தாளை மடித்துத் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாருங்கள். வன்னியில் உள்ளவர்கள் பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம். விட்ட முதல் வாரம்தான் மிகவும் கடினம். சில வாரங்களில் எரிச்சலும் படபடப்பும் தணியும். அந்த நாட்களில் அவர் சிடுசிடுத்தால், அது உடம்பு கேட்கிற கேள்வி என்று வீட்டார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவே இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர் மறைக்காமல் பதில் சொல்லட்டும். வன்னியில் இருக்கும் அண்ணனுக்கும் போனில் இந்த ஆறு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.