பெயரும் ஊரும்: புதுக்கோட்டை அருங்காட்சியகம் தரும் பாடம்

ஓர் ஊரின் வரலாறு எங்கே உறைகின்றது என்று வினவினால், நூல்களிலும் கல்வெட்டுகளிலும் என்று நாம் விடை கூறுவோம். அது சரியான விடையே; எனினும் முழுமையான விடையன்று. உழவன் கைப்பட்டுத் தேய்ந்த கருவியிலும், மண்ணுக்குள் புதைந்த தாழியிலும், பெட்டகத்தின் அடியில் கிடக்கும் செப்புக் காசிலும் வரலாறு உறைகின்றது. அவ்வாறு உறையும் வரலாற்றைப் பேசவைக்கும் கல்விக்கூடமே அருங்காட்சியகம். அதற்கு எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தைக் கொண்டு, ஒரு பழம்பொருள் எப்போது பேசும், எப்போது ஊமையாகும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தோற்றம்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசாக விளங்கிய நிலப்பகுதி. அதன் பரப்பு 1,179 சதுர மைல். அவ்வரசு தன் மண்ணின் செல்வங்களைத் திரட்டிக் காக்கும் பொருட்டு 1910ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகத்தை நிறுவியது. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974ஆம் ஆண்டு சனவரியில் தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறின; அருங்காட்சியகம் நிலைத்தது. இன்று அது நகரின் ஒரு பகுதியாகிய திருக்கோகர்ணத்தில் அமைந்துள்ளது.

நிலவியல், விலங்கியல், தாவரவியல், மானிடவியல், கல்வெட்டு, நாணயம், ஓவியம் எனப் பல துறைப் பொருள்கள் அங்கே ஒரு கூரையின்கீழ் இடம்பெற்றுள்ளன. அப்பகுதியில் கிடைக்கும் பாறை வகையும், அங்கே வாழும் பறவையும், அங்கே மாந்தர் ஏந்திய படைக்கலமும் அருகருகே இருத்தலால், ஒரு நிலப்பகுதியின் முழு வாழ்வும் கண்முன் விரிகின்றது. சமணத் திருமேனிகளும் அங்கே உள்ளன. ஆதலின் நம் குடும்பத்தினர் காண வேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று.

பொருள்களைத் திரட்டியதோடு அவ்வரசு நின்றுவிடவில்லை. தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, அவற்றின் வாசகங்களை 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. 1938 முதல் 1944 வரை வெளிவந்த அரசின் கையேட்டுத் தொகுதிகள் ஊர்தோறும் உள்ள கோயில், குளம், குகை ஆகியவற்றைக் குறித்துவைத்தன. பொருளைக் காப்பவர் பொருளைப் பற்றிய குறிப்பையும் காக்க வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்தவரிடம் இருந்தது. இத்தெளிவே இப்பாடத்தின் உயிர்நாடி.

பதிவேட்டின் பெருமை

அருங்காட்சியகம் காணச் செல்லும் மாணவர் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளை நோக்குவர். அதனடியில் இருக்கும் சிறு குறிப்புச் சீட்டை நோக்கார். மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியர்களாகிய நாம் இதனைப் பலகாலும் கண்டிருக்கின்றோம். அச்சீட்டுக்குப் பின்னே ஒரு பெரும் பதிவேடு இருக்கின்றது. பொருளின் எண், பெயர், கிடைத்த ஊர், கிடைத்த நாள், வந்த வழி, அளவு, நிலை ஆகியன அதில் எழுதப்படும். அதே எண் பொருளின் மீதும் குறிக்கப்படும். அவ்வெண் அழிந்து பதிவும் தொலைந்தால், பொருள் அங்கேயே இருப்பினும் அதன் வரலாறு அகன்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். புதுக்கோட்டை அரசு அம்மன் காசு என்னும் மிகச் சிறிய செப்புக் காசை வெளியிட்டது. அறியாதார் கையில் அது தேய்ந்த செப்புத் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் அமர்ந்திருப்பது தொண்டைமான்களின் குலதெய்வமாகிய பிரகதாம்பாள் என்றும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் உள்ள சொல் 'விஜய' என்றும், நவராத்திரி நாள்களில் அரிசியுடன் இக்காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது என்றும் அறிந்தபின், அதே துண்டு ஓர் அரசின் சமயத்தையும் கொடையையும் மொழிச் சூழலையும் ஒருங்கே உரைக்கின்றது. அவ்வம்மனின் திருக்கோயிலும் திருக்கோகர்ணத்திலேயே உள்ளது. காசைக் கண்டவர் கோயிலையும் கண்டு மீளலாம்.

முதுமக்கள் தாழியும் அத்தகையதே. நிலத்தைத் தோண்டுவோர் தாழியை மட்டும் பெயர்த்தெடுத்து வந்தால் நமக்குக் கிட்டுவது ஒரு பெரிய பானை. அது எத்திசை நோக்கி இருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது, உள்ளே எத்தனை சிறு கலங்கள் இருந்தன, இரும்புக் கருவி எப்பக்கத்தில் கிடந்தது என்னும் குறிப்புகள் இருந்தால் மட்டுமே, அக்கால மாந்தர் தம் முன்னோரை எவ்வாறு வழியனுப்பினர் என்பது புலனாகும். புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அத்தகைய ஆய்வுகளில் ஒரு சிறு ஓட்டுத் துண்டுக்குங்கூட, கிடைத்த குழியும் ஆழமும் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே.

சித்தன்னவாசல் கற்பிப்பது

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் உள்ளது. அருங்காட்சியகத்தைக் கண்டபின் அங்கும் செல்வோர் பலர். குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளத்தில், நம் முனிவர்கள் தவம் இயற்றிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என அறிஞர் கருதுவர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பார்க்குச் சிறுபோசில் இளையர் செய்தளித்த இருக்கை இது என்பது அதன் பொருள்.

அதில் அடங்கியுள்ள செய்திகளை எண்ணிப் பாருங்கள். பெற்றவர் பெயர், அவர் பிறந்த நாடு, பிறந்த ஊர், செய்தளித்தவர் பெயர், செய்யப்பட்ட பொருள் ஆகிய ஐந்தும் ஒரு சிறு தொடருக்குள் உள்ளன. இன்றைய அருங்காட்சியகச் சீட்டில் இருக்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவற்றை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர். அதனாலன்றோ அத்துறவியின் பெயரை இன்றும் நாம் உச்சரிக்கின்றோம்!

அக்குன்றின் மேற்குச் சரிவில் உள்ளது அறிவர் கோயில் என்னும் குடைவரை. அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தான் என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. விதானத்தில் தாமரைத் தடாகமும், மீன்களும், யானைகளும், எருமைகளும், மலர் பறிக்கும் பவ்வியரும் தீட்டப்பட்டுள்ளனர். அது சமவசரணத்தின் ஒரு பகுதியைக் குறிப்பது என்பர். உலகம் போற்றும் அவ்வோவியத்தைத் தீட்டிய கைகள் யாருடையவை? கல்வெட்டில் அவர்தம் பெயர் இல்லை. திருப்பணி செய்வித்தவனை அறிவோம், தீட்டியவரை அறியோம். எழுதப்பட்ட பெயர் நின்றது. எழுதப்படாத பெயர் மறைந்தது.

திருமேனிகளும் ஊர் வழக்கும்

நம் தீர்த்தங்கரர் திருமேனிகளை அடையாளம் காண இலாஞ்சனம் துணைசெய்யும். ரிஷபநாதருக்குக் காளை, மகாவீரருக்குச் சிங்கம் என்பதை நம் சிறுவரும் அறிவர். பார்சுவநாதரைத் தலைமேல் விரிந்த நாகப்படத்தால் அறிவோம். ஆனால் தமிழகத்தின் பழைய திருமேனிகள் பலவற்றில் பீடத்தில் இலாஞ்சனம் காணப்படுவதில்லை. அமர்ந்த கோலம் ஒன்றாகவே இருத்தலின், இன்ன தீர்த்தங்கரர் என்று துணிவதற்கு ஊர் வழக்கும் கிடைத்த இடத்தின் குறிப்புமே உதவுகின்றன. சில ஊர்களில் வயல்நடுவே இருக்கும் நம் திருமேனியைப் புத்தர் என்றே அழைக்கின்றனர். முக்குடை இருக்கின்றதா, மேலாடையின் கோடு இருக்கின்றதா என்று நோக்கி வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சிதைந்த திருமேனியில் இவ்விரண்டும் தெளிவாக இராமற் போகலாம். அப்போது அந்த ஊரில் வாழ்ந்த முதியவரின் சொல்லே சான்றாகும்.

அருங்காட்சியகமும் ஊராரும்

உள்ளூர் அருங்காட்சியகம் பொருளைப் பூட்டி வைக்கும் கிடங்கு அன்று. பள்ளி மாணவரை வரவேற்றுப் பாடம் புகட்டுதல், ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துதல், பழைய எழுத்துகளைப் படிக்கப் பயிற்றுதல், அறிஞரை அழைத்துச் சொற்பொழிவு அமைத்தல் ஆகியன அத்தகைய நிலையங்களின் பணிகள். 1977 முதல் ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் பன்னாட்டு அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படுகின்றது. கோடை விடுமுறையில் வரும் அந்நாள் குடும்பத்துடன் செல்வதற்கு ஏற்றது.

ஊராரும் அருங்காட்சியகத்துக்குக் கடமைப்பட்டவரே. ஏர் முனையில் தட்டுப்படும் சிலையை யார் அறிவிப்பர்? கிணறு வெட்டுகையில் வெளிப்படும் தாழியை யார் காப்பர்? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்கின்றது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே தெரிவித்தல் நலம். பொருளைக் கழுவித் துலக்கி இடம் மாற்றிய பின்னர் அறிவித்தால் பாதிச் செய்தி அழிந்துவிடும்.

நம் இல்லங்களில் இருப்பவை

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்நூலின் சமயக் கருத்துகள் விளங்காது அவர் இடர்ப்பட்ட காலத்தில், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தினர் அவருக்கு விளக்கம் அளித்தனர். சுவடி பிறரிடமும் இருந்தது. அதன் பொருளை வழிவழியாகக் கேட்டுணர்ந்த மாந்தர் நம்மிடையே இருந்தனர். சுவடியும் மாந்தரும் ஒருசேர இருந்தமையால் அக்காப்பியம் தமிழுலகுக்கு முழுமையாகக் கிட்டியது.

இன்று நம் நிலை யாது? வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் குடிபெயர்ந்துவிட்டனர். பூர்விக வீடு விற்கப்படும் நாளில், பரணில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கும் பூசைப் பாத்திரங்களும் எடைக்குப் போகின்றன. கிரந்த எழுத்தில் அமைந்த சுவடிகளைப் படிக்க வல்லார் இல்லாமையால், அவை என்ன நூல் என்றே அறியாமல் கட்டி வைத்திருக்கின்றோம். விளக்கு பேரனுக்குக் கிடைக்கும். அது எந்த ஜினாலயத்து விழாவில், யார் நோன்பு நிறைவின்போது வாங்கப்பட்டது என்னும் செய்தி பாட்டியாரோடு போய்விடும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததை நினைவுகூர்வோம். பாத்திரக் கடையில் அமர்ந்து சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்து வாங்கினோம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் கீறப்பட்டிருப்பதும் இத்தகைய வழக்கத்தின் தொன்மையைக் காட்டுகின்றது. தம் பொருளில் தம் பெயரை எழுதிய மரபு நம்முடையது. அம்மரபைப் புதுப்பித்தலே நாம் வேண்டுவது.

செய்முறை

1. ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு கெட்டி அட்டைக் குறிப்பேடு வைத்துக்கொள்க. பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருக.

2. பொருளின் பெயர், அளவு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, இச்செய்தியைச் சொன்னவர் யார், எழுதிய நாள் ஆகிய ஏழையும் எழுதுக. ஊகித்ததை ஊகம் என்றே குறிக்க.

3. வெண்கலத் திருமேனிகளையும் சுவடிகளையும் பல கோணங்களில் படம் எடுத்து வைக்க. ஜினாலயத்துத் திருமேனிகளுக்கும் ஊர்ப் பெரியோர் இதனைச் செய்தல் வேண்டும். களவு நேர்ந்தால், அளவும் படமுமே பொருளை மீட்கத் துணைசெய்யும்.

4. ஓலைச்சுவடியின் மேல் எண்ணை ஒட்டவோ எழுதவோ வேண்டா. சுற்றிய துணியில் சிறு அட்டையைக் கட்டுக.

5. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களும், 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் சிறப்பும் உடைய சுவடிகளும் தொல்பொருள்களாகும். அவற்றை விற்கவோ வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லவோ முற்படுமுன் சட்டத்தை அறிந்துகொள்க.

இவற்றைத் தொடங்க ஏற்ற நாள் சுருத பஞ்சமி. ஆகமங்களை வெளியே எடுத்துத் தூய்மை செய்து வழிபடும் அந்நாளில், சுவடிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கட்டுவோமாயின் வழிபாடும் காப்பும் ஒன்றாகும். நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானமும் ஒன்று. படிக்கத்தக்க வகையில் ஒரு நூலை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தலும் அத்தானத்தின்பாற்படும்.

பயிற்சி வினாக்கள்

1. ஏழடிப்பட்டக் கல்வெட்டில் அடங்கியுள்ள ஐந்து செய்திகள் யாவை?
2. அம்மன் காசின் இரு பக்கங்களும் எவற்றை உணர்த்துகின்றன?
3. தீர்த்தங்கரர் திருமேனியைப் புத்தர் திருமேனியிலிருந்து எவ்வாறு பிரித்தறிவீர்?
4. உங்கள் இல்லத்தில் உள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்து, வீட்டில் மூத்தவரை வினவி, மேற்கூறிய ஏழு செய்திகளையும் எழுதுக.

நான்காம் வினாவை நாளைக்கு என ஒத்திவைக்க வேண்டா. முதல் மூன்றுக்கும் இப்பக்கங்களில் விடை உண்டு. நான்காவதன் விடையை அறிந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வீராக.