புயல் வருகிறதா? கைவசம் இருக்கட்டும் இந்தக் குறிப்புகள்

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கடலோர மாவட்டங்களில் காது வானிலைச் செய்தி பக்கம்தான் இருக்கும். பதறாமல் தயாராக, சில குறிப்புகள்:

* துறைமுகப் புயல் கூண்டில் 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

* மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும். மின்சாரம் போனாலும் தண்ணீர் கைகொடுக்கும்.

* பூந்தொட்டி, தகரம், விளம்பரப் பலகை எதையும் மாடியில் விட்டுவைக்காதீர்கள்.

* தென்னையில் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். 2018 கஜா புயலில் டெல்டா விவசாயிகள் இழந்த தென்னைகள் கொஞ்சமா நஞ்சமா!

* ரேஷன் கார்டு, ஆதார், பத்திரங்களைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். செல்போன், பவர் பேங்க், டார்ச் மூன்றையும் சார்ஜ் செய்துவிடுங்கள்.

* காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

* அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகே போகாதீர்கள்.

* உதவிக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.