அடுக்களைத் தீ: தடுத்தலும் அணைத்தலும்

ஒரு குடும்பம் பல வருஷங்கள் பாடுபட்டுச் சேர்த்த பொருளைத் தீயானது அரை மணி நேரத்தில் அழித்துவிடும். கூரையும், சேமித்த நெல்லும், பத்திரங்களும் எரிந்துபோன அங்கத்தினர், சங்கத்துக் கடனைத் தீர்க்க வழியின்றி மறுபடியும் வட்டிக்காரரை நாட நேரிடுகிறது. உயிருக்கே சேதம் நேர்ந்தாலோ, அதனை ஈடு செய்வார் எவருமில்லை. ஆதலின் அடுக்களைத் தீயைத் தடுப்பது சிக்கனத்தின் முதற்பாடம் என அங்கத்தினர்கள் உணர்தல் வேண்டும்.

தீயின் தன்மை

தீ எரிவதற்கு எரிபொருள், உஷ்ணம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்றை நீக்கினால் தீ அணையும். விறகு, ஓலை முதலியவற்றில் பற்றிய தீயை நீர் தணிக்கும். எண்ணெய்த் தீக்கோ நீர் பெரும் பகையாகும். எரியும் எண்ணெயில் விழுந்த நீர் அடியில் அமிழ்ந்து, அக்கணமே ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து, எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும். வாணலியில் பற்றிய சிறு தீ கூரைக்குத் தாவுவது பெரும்பாலும் இவ்விதமே. எண்ணெய்த் தீக்குக் காற்றைத் தடுப்பதே உபாயம்.

தடுக்கும் முறைகள்

1. விறகடுப்பைக் கூரையின் தாழ்வாரத்தினின்றும் விலக்கி அமைத்து, அடுப்பைச் சுற்றி மண்சுவர் எழுப்புக. விறகையும் ஓலையையும் அடுப்பருகே அடுக்கற்க.

2. சமையல் முடிந்ததும் கொள்ளிகளை நீர் தெளித்து அணைத்திடுக. சாம்பலில் கனல் நெடுநேரம் உறங்கும். ஆறிய பின்னரே குப்பைக்குழியில் இடுக.

3. எண்ணெய் காயும்போது அடுப்பை விட்டு அகலற்க. நைலான் முதலிய செயற்கை நூலாடைகள் உருகி உடலில் ஒட்டுமாதலால், பருத்தியாடையே சமையலுக்கு ஏற்றது. முந்தானையைச் செருகிக் கொள்க.

4. எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலேயே தங்கும். இயல்பில் மணமற்ற அதனுடன், கசிவை அறிவிக்கவே நாற்றமுள்ள பொருளைக் கலந்துள்ளனர். நாற்றம் தோன்றின் தீக்குச்சி கிழித்தலும், மின் விசையைப் போடுதலும் அணைத்தலும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியேறி, 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க.

தீ பற்றியபின் செய்யத்தக்கவை

வாணலியில் தீப்பற்றினால் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடற்க. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, முற்றிலும் ஆறும்வரை திறவாதிருக்க. மின்கம்பியில் பற்றிய தீக்கு நீர் ஊற்றற்க. மெயின் சுவிட்சை முதலில் நிறுத்துக. ஆடையில் பற்றினால் ஓடலாகாது. ஓட்டம் தீக்குக் காற்றூட்டும். தரையில் படுத்துப் புரளுதல் வேண்டும். அருகிலிருப்போர் கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்க. தீ கைமீறுமாயின் பொருளைக் கருதாது யாவரும் வெளியேறி, 101 அல்லது 112 எண்ணுக்கு அறிவிக்க.

தீப்புண்ணுக்கு முதற்சிகிச்சை குளிர்ந்த நீரேயாகும். புண்ணின்மேல் 20 நிமிஷம் நீரை ஓடவிடுக. வளையல், மோதிரங்களை வீக்கம் காணுமுன் கழற்றுக. மாவு, மை, பற்பசை, பனிக்கட்டி ஆகியவை தீங்கு செய்யும். கொப்புளத்தை உடைத்தலும் கூடாது. தூய துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

சங்கத்தின் கடமை

இக்காரியம் தனியொருவரால் முற்றுப்பெறாது. கூரைவீடுகள் நெருங்கிய தெருவில் ஒருவர் அஜாக்கிரதை அனைவர்க்கும் நஷ்டமாகும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் கோடைக்கு முன்னரே கூடி, தெருவிற்கு இரண்டு மணல்வாளிகளும், கூரையைப் பிரித்துத் தள்ள ஒரு நீண்ட கொக்கிக் கழியும், ஓர் ஏணியும் வாங்கிப் பொது இடத்தில் வைத்தல் நலம். வீட்டில் அடுப்பை ஆள்வோர் பெண்களாதலின் அவர்களையும் அக்கூட்டத்திற்கு அழைத்து, வாணலியை மூடும் முறையைச் செய்து காட்டுக. இதற்காகும் செலவு அற்பம். இதனால் காக்கப்படுவதோ அங்கத்தினர்களின் உயிரும் உடைமையுமாகும்.